மிந்தா எழுதிக் கொடுத்த காரணம்

மே மாதம் டிலுக்சன் எழுதப்போகும் பரீட்சையில் அவன் சித்தியடைந்ததற்காக, அவனுடைய மாமி டொலறஸ் ஜனவரி மாதமே கடவுளுக்கு நன்றி சொல்ல ஏற்பாடு செய்துவிட்டார். வெளியாருக்கு இது தலைகீழாகத் தெரியும். இலண்டன் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அப்படித் தெரியாது. பதினாறு வயதுப் பிள்ளைகளின் பரீட்சை முடிவு ஓகஸ்ற் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வரும். அதற்கடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில், இன்னாருடைய பிள்ளை சித்தியடைந்ததற்காகக் குடும்பத்தார் நன்றி செலுத்துகிறார்கள் என்று பெயர் பெயராக வாசிப்பார்கள். அந்த ஞாயிறுக்குப் போட்டி அதிகம். முடிவு வந்த பிறகு ஃபோன் எடுப்பவர்களுக்கு ஒக்ரோபரில்தான் இடம் கிடைக்கும். ஒக்ரோபரில் யாருக்கு யாருடைய பரீட்சை ஞாபகம் இருக்கப்போகிறது? டொலறஸ் தன்னுடைய மூன்று பிள்ளைகளுக்கும் இப்படித்தான் முந்திக்கொண்டார். மூவரும் சித்தியடைந்தார்கள். ஆகவே முறை சரி என்பது அவருடைய முடிவு.

"ஓகஸ்ற் கடைசி ஞாயிறு. சொல்லி வைச்சிட்டன்," என்று சட்டனில் உள்ள தன் வீட்டிலிருந்து ஃபோனில் அறிவித்தார். "பூசை முடியத் தேத்தண்ணி, றோல்ஸ், கேசரி எல்லாம் என்ர பொறுப்பு. நீ சீலை உடுத்திக்கொண்டு வந்து நிண்டால் காணும்."

"அவன் இன்னும் எழுதேல்லையே, மச்சாள்?" என்றாள் டிலுக்சனின் தாய் மிந்தா.

"எழுதுவான்தானே! ஆண்டவருக்கு முந்தியே சொல்லிவைச்சால் அவருக்கும் ஞாபகமிருக்கும்."

மிந்தாவின் முழுப்பெயர் லுஸ்விமிந்தா. பிலிப்பைன்ஸ் நாட்டின் மூன்று பெரிய தீவுப் பகுதிகளின் பெயர்களில் ஒவ்வொரு துண்டு வெட்டி ஒட்டவைத்த பெயர் அது. அங்கே பல பெண்களுக்கு உண்டு. டொலறஸ் கலியாணத்தன்று அதைச் சொல்லிப் பார்த்து, பாதி வழியில் களைத்துப்போய், மிந்தா என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு புருஷனும் அதையே பிடித்துக்கொண்டான்.

இலோயிலோ என்ற ஊரில் நேர்ஸ் படிப்பு முடித்து, இருபத்தைந்து வயதில் இலண்டன் வந்தவள். முதலில் செவன் கிங்ஸ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்குள்ள கோயிலில் ஞாயிறு பத்து மணிப் பூசைக்கு ஷிப்ட் முடிந்து தாமதமாக வந்து கடைசி வாங்கில் உட்காருவாள். அதே வாங்கில், பெற்றோல் நிலையத்தில் வேலை முடித்து வந்து, பிரசங்கத்தின்போது கண்ணயர்ந்துபோகும் ஒரு மன்னார்ப் பையன் இருந்தான். பேசாலை ஊரைச் சேர்ந்த யாக்கோப்பு. ஒரு நாள் தூக்கத்தில் அவள் தோளில் சாய்ந்துவிட்டான். அவள் தட்டிவிடவில்லை. இரண்டு வருடத்தில் கலியாணம். இப்போது இருவரும் தென் இலண்டனில், நோர்பரியில் இருக்கிறார்கள். அவன் பஸ் ஓட்டுகிறான். அவள் ஆஸ்பத்திரியில் சிறுநீரகக்காரருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் மூத்த நேர்ஸ்.

தமிழை அவள் இரண்டு இடத்தில் படித்தாள். ஏச்சும் சமையலும் டொலறஸிடம். மற்றதெல்லாம் நோயாளிகளிடம். தென் இலண்டனில் அந்தப் பிரிவுக்கு வருபவர்களில் தமிழர் கொஞ்சநஞ்சமில்லை. சப்பை மூக்கும் சின்ன உருவமுமாக ஒரு பெண் வந்து, "ஐயா, கையை நீட்டுங்கோ, ஒரு சின்னக் குத்துத்தான்," என்று சொல்லும்போது புதிதாக வருபவர்கள் வாயைப் பிளப்பார்கள். நோயாளிகளிடம் படித்த தமிழ் என்பதால் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். பெற்ற பிள்ளைகளிடமும் "பல்லைத் தீட்டுங்கோ", "எழும்புங்கோ" என்றே சொல்வாள். சண்டை மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும்.

சண்டைக்குக் குறைவில்லை. பிள்ளைகள் இரண்டு பேர். டிலுக்சனுக்குப் பதினாறு, ஜெனோஜாவுக்குப் பதினான்கு. போன குளிர்காலம் தொடங்கியபோது இரண்டும் ஒன்றாகத் தடம் புரண்டன. ஜெனோஜா பள்ளிக்கூடக் கழிவறையில் வேப் என்ற மின்சிகரெட் புகைத்துப் பிடிபட்டு மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அடுத்த மாதம் ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்து இன்னும் இரண்டு நாள். டிலுக்சன் புகைக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. அவனுக்குப் புது நண்பர்கள் வந்தார்கள். அவனைவிட மூன்று நான்கு வயது கூடியவர்கள். பஸ் தரிப்பில் காத்து நிற்பார்கள். பெற்றவர்கள் வாங்கிக் கொடுக்காத சப்பாத்து ஒன்று அவன் காலில் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை ஃபோன் வந்தது. யாக்கோப்பு விடியற்காலை ஷிப்டில் போவான், மிந்தா பின்னேர ஷிப்டில் போவாள். ஃபோனை எடுத்தவர் மற்றவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார். குடும்பம் நடந்தது அப்படித்தான்.

மிந்தாவிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று. நன்றியுணர்வு. இலோயிலோவில் அவளும் தங்கையும் ஒரே சோடிச் சப்பாத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். அங்கே பள்ளிக்கூடம் இரண்டு நேரம். காலை வகுப்பு முடிந்து தங்கை வாசலுக்கு வர, சப்பாத்தைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டு மத்தியான வகுப்புக்கு இவள் உள்ளே போவாள். இது உண்மைக் கதை. ஆனால் எந்த உண்மையையும் நூறு தடவை சொன்னால் பிள்ளைகள் என்ன செய்யும்? வேப் பிடிபட்ட அன்றும் சப்பாத்துக் கதை, அறை கூட்டாத அன்றும் சப்பாத்துக் கதை. "எவ்வளவு கிடைச்சிருக்கு உங்களுக்கு, நன்றி இருக்கோ?" என்ற கேள்வி அந்த வீட்டில் உப்பைவிட அதிகமாகச் செலவானது. ஜெனோஜா தாய் வாயைத் திறக்கும் முன்பே காலைத் தூக்கிச் சப்பாத்தைக் கழற்றுவதுபோல நடித்துக் காட்டுவாள்.

பிறகு ஏப்ரல் வந்தது. பெரிய வெள்ளி விடுமுறைக்கு அடுத்த வாரம். மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு, மிந்தா வேலைக்கு இறங்கும் நேரம், டிலுக்சன் முன்கதவால் வந்தான். இடது புருவம் பிளந்து கன்னமெல்லாம் இரத்தம்.

"சைக்கிளால விழுந்திட்டன்."

அவள் அவனைக் குசினிக் கதிரையில் இருத்திக் கழுவினாள். காயத்தின் இரண்டு கரையையும் சேர்த்து ஒட்டினாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. கண்ணும் தன்பாட்டில் பார்த்தது. சைக்கிளிலிருந்து விழுகிறவன் கையை ஊன்றுவான், உள்ளங்கை உரிந்திருக்கும். அவனுடைய உள்ளங்கைகள் இரண்டும் சுத்தமாக இருந்தன. ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் சிறு கன்றலோடு வந்தாலே, எங்கே விழுந்தீர்கள், பக்கத்தில் யார் நின்றது, பிறகு என்ன நடந்தது என்று மூன்று விதமாகக் கேட்டுவிட்டுத்தான் விடுவாள். அன்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு எட்டு நிமிடம் இருந்தது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வேலைக்குப் போக முடியாது என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டது.

கேட்பதற்குப் பதிலாகப் பேசினாள். நத்தார்ப் பண்டிகை நாளிலும் வேலை செய்து வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது என்றாள். பொருளின் அருமை தெரியாதவன் என்றாள். பிறகு சப்பாத்துக் கதையை ஆரம்பித்தாள். டிலுக்சன் கதிரையிலிருந்து எழும்பினான். ஐஸ் பொதியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை.

தகப்பன் கேட்டால் பதில் சொன்னான். தங்கையோடு கிசுகிசுத்தான். தாயிடம் ஒரு சொல் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போவான், கழுவி வைக்கக் கீழே வருவான். பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டான். யாக்கோப்பு லீவு போட்டு, காரில் ஏற்றிக்கொண்டு போய், மூன்று பாடங்களின் பரீட்சையை மட்டும் எழுதவைத்தான். மற்ற நாட்களில் எழும்பவே மாட்டேன் என்றுவிட்டான். வேலையில் மிந்தா தோழிகளிடம் ஒரே பாட்டைப் பாடினாள்: "வெயில் எறிக்குது, பந்தடிக்கக்கூடப் போறானில்லை, அறைக்குள்ளேயே கிடக்கிறான்." ஆனால் அறைக்குள் கிடப்பது அல்ல அவளைத் தின்றது. கதவைத் தட்டி, "சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டு, "ம்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்று நின்று பார்ப்பாள். வராது. பெற்ற பிள்ளை தன்னை அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று ஒரு மனுஷி நாலு மாதம் ஏங்கினாள். வேறு எதுவும் அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

இது எதுவும் டொலறஸுக்குத் தெரியாது. "படிக்கிறான் அக்கா," என்றே யாக்கோப்பு சொல்லிக்கொண்டு வந்தான். நோர்பரிக்கும் சட்டனுக்கும் இடையில் அரை மணி நேரப் பயணம். அதற்குள் ஒரு முழுப் பொய்யை நாலு மாதம் பாதுகாத்தார்கள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. கணிதத்தில் ஐந்து, அது சித்தி. ஆங்கிலத்திலும் விஞ்ஞானத்திலும் சித்தி இல்லை. மற்றப் பாடங்களுக்கெல்லாம் பரீட்சைக்கு வரவில்லை என்ற அடையாளம். யாக்கோப்பு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவின் பெயர் அதில் வந்து வந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஐந்தாவது தடவை மிந்தா பறித்தெடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

டொலறஸ் முதலில் ஏசினார். தம்பியை ஏசினார், பஸ் கொம்பனியை ஏசினார், பள்ளிக்கூடத்தை ஏசினார். பிறகு அழுதார். அழுது முடித்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"இப்ப ஒண்டும் செய்ய ஏலாது. நூற்றைம்பது றோல்ஸுக்குச் சொல்லியாச்சு. பெயர் அச்சடிச்சும் போட்டினம். இருக்கட்டும் விடு. ஆர் சேட்டிபிக்கற் பாக்கப்போயினம்?"

"அது பொய் மச்சாள். கோயிலுக்குள்ள."

"என்ன பொய்? ஒண்டு பாஸ்தானே!"

டொலறஸைக் குறை சொல்லக்கூடாது. தம்பி பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற அவரிடம் இருந்தது நூற்றைம்பது றோல்ஸும் ஒரு கணிதச் சித்தியும்தான். ஆனால் மிந்தாவால் அது முடியாது. எந்த மருந்து எத்தனை மணிக்கு ஏற்றினாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே இருபது வருடம் போனவள். நடக்காததை நடந்ததாக எழுத அவளுக்கு வராது.

சனிக்கிழமை காலை அவள் செபமாலைமுத்துவுக்கு ஃபோன் எடுத்தாள். யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற பூசைக் கருத்துகளைக் கொப்பியில் எழுதி வைத்து, ஞாயிறு மைக்கில் வாசிப்பவர் அவர். முன்பு தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர். ஒவ்வொன்றும் அதனதன் பெட்டிக்குள் விழவேண்டும் என்று நினைப்பவர்.

"பரீட்சை எண்டதை வெட்டிவிடுங்கோ அண்ணை."

"வெட்டலாம் பிள்ளை. அப்ப என்ன காரணம் போட? பிறந்தநாள், கலியாண நாள், சுகம் கிடைச்சது, விசா கிடைச்சது, வீடு வாங்கினது. இதில எது?"

"இதில ஒண்டுமில்லை."

"காரணமில்லாமல் நன்றி வாசிக்க ஏலாது. சனம் என்ன எண்டு விளங்கிறது? பின்னேரம் ஆறு மணிக்குள்ள சொல்லுங்கோ. இல்லாட்டிப் பெயரையே எடுத்துவிடுறன்."

பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். அதுதான் சுகமான வழி. ஏன் சொல்லவில்லை என்றால், நன்றி நன்றி என்று பிள்ளைகளின் காதில் ஓட்டை போட்ட தன்னால், பெற்ற மகனைக் குறித்து நன்றி சொல்ல ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அவளை வெட்கப்படுத்தியது. குசினிக்குப் போய் இறைச்சியை அடுப்பில் வைத்தாள். தனக்குத் தமிழ் எழுத வராது என்பதால் ஜெனோஜாவைக் கூப்பிட்டு, ஒரு பேனையும் பழைய கடித உறை ஒன்றும் கொடுத்தாள். பத்து நிமிடம் போனது. உறை வெறுமையாகவே இருந்தது.

"ஒண்டும் வருகுதில்லை," என்றாள் மிந்தா. "நாலு மாதமா தன்பாட்டில வாசல் தாண்டேல்லை. அறைக்குள்ளேயே கிடக்கிறான். இதுக்கு என்னத்தை நன்றி சொல்ல?"

ஜெனோஜா பேனையை மேசையில் வைத்தாள். அவள் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மம், அவன் ஏன் வெளியில போறேல்லை எண்டு உங்களுக்கு உண்மையாவே தெரியாதோ?"

அவள் சொன்னாள். பஸ் தரிப்பில் நின்றவர்கள் சப்பாத்துக் கொடுத்தது சும்மா இல்லை. ஏப்ரல் மாதம் அவனிடம் ஒரு பையைக் கொடுத்து, ரயிலில் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பையில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, போதைப்பொருள் என்று சொல்லத் தேவையுமில்லை. அவன் ஏலாது என்றான். பார்க்கில் நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். ஃபோனைப் பறித்தார்கள். இனி றோட்டில் கண்டால் பையைத் தூக்கியே ஆகவேண்டும் என்றார்கள். அதனால் றோட்டில் கண்ணில் படாமல் இருந்தான். பள்ளிக்கூடம் போகும் பஸ் அந்தத் தரிப்பில்தான் நிற்கும்.

"அவனுக்குச் சரியான பயம், மம். ஆனா அவங்களுக்கு ஓம் எண்டு சொல்லேல்லை."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தவன். நீங்கள் சப்பாத்துக் கதை சொன்னனீங்கள்."

மிந்தா அடுப்பை அணைத்தாள். இருக்கக் கதிரை இருந்தும் இருக்கவில்லை. அந்த இரண்டு சுத்தமான உள்ளங்கைகளும் கண் முன்னால் நின்றன. முன்பின் தெரியாத கிழவரிடம் மூன்று தடவை கேட்கிறவள், சொந்தப் பிள்ளையிடம் ஒரு தடவை கேட்கவில்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அழுகையும் வந்தது. மகள் முன்னால் மறைக்காமல் அழுதாள். ஜெனோஜா இதற்கு முன்னர் தாய் அழுது பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கைதுடைக்கும் துணியை எடுத்து நீட்டினாள். அதில் வெங்காயம் மணத்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு மிந்தா மாடிக்குப் போனாள். கதவைத் தட்டினாள். உள்ளே கேம் விளையாடும் சத்தம்.

"தம்பி, அண்டைக்கு நீங்கள் சைக்கிளால விழேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் கேக்கேல்லை. வேலைக்குப் போக நேரம் போச்சுது எண்டு கேக்கேல்லை. பிழை என்னில."

கேம் சத்தம் நின்றது. அவ்வளவுதான். அவள் கதவைத் திறக்கவில்லை. பயந்துபோயிருக்கும் ஆளை முதல் நாளே துருவக்கூடாது என்பது அவளுடைய தொழிலில் தெரிந்த விஷயம். கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கி வந்தாள்.

யாக்கோப்பு நாலு மணிக்கு வந்தான். கேட்டதும் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் பார்க்குக்குப் போகக் கிளம்பினான். அவள் அவனைப் பிடித்து இருத்தினாள். "இஞ்சாருங்கோ, அங்க போய் நாலு பேரை அடிச்சுப்போட்டு வந்தால் உங்கட வேலையும் போகும், அவன்ர பயமும் போகாது." அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஓர் அலுவலர் இருக்கிறார், திங்கட்கிழமை அவரிடம் பேசுவது, பொலிசுக்குச் சொல்வதை அவரோடு யோசித்து முடிவெடுப்பது, செப்ரெம்பரில் சட்டனில் உள்ள கல்லூரியில் சேர்ப்பது, தினமும் காரிலேயே கொண்டுபோய் விடுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். யாக்கோப்பு வெகு நேரம் முகம் கழுவினான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, அவள் ஜெனோஜாவுக்குச் சொல்லச் சொல்ல, ஜெனோஜா கடித உறையில் எழுதினாள். எழுத்துப் பிழையைத் தகப்பன் திருத்தினான். படம் எடுத்து அனுப்பினார்கள். அனுப்பி இரண்டு நிமிடத்தில் செபமாலைமுத்து ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, இது என்ன காரணம்? இதுக்கெல்லாம் ஆரும் பூசை ஒப்புக்குடுக்கிறதோ?"

"நான் குடுக்கிறன் அண்ணை."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் எழுதினபடியே வாசியுங்கோ."

அவர் பெருமூச்சு விட்டது ஃபோனில் கேட்டது. பிறகு பேனை கீறும் சத்தம் கேட்டது.

ஞாயிறன்று கோயில் நிறைந்திருந்தது. டிலுக்சன் வரவில்லை. மிந்தா நீலச் சீலையில் மூன்றாம் வரிசையில் இருந்தாள். ஒரு பக்கம் யாக்கோப்பும் ஜெனோஜாவும். மற்றப் பக்கம் டொலறஸ், செபமாலையை முறுக்கிக்கொண்டு. புதிய காரணம் என்ன என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் செபமாலைமுத்துவையே மாற்றிவிடக்கூடியவர். மைக்கில் பெயர்கள் வந்தன. ஒன்பது பாடத்திலும் அதிவிசேட சித்தி. எட்டுப் பாடத்திலும் சித்தி. பாடசாலையிலேயே முதலிடம். ஒவ்வொரு பெயருக்கும் ஏதாவது ஒரு வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு செபமாலைமுத்து தொண்டையைச் செருமினார்.

"நோர்பரியைச் சேர்ந்த யாக்கோப்பு, லுஸ்விமிந்தா தம்பதியினர், தங்கள் மகன் டிலுக்சன் இந்த வருடம் வீட்டில் இருந்ததற்காகவும், இன்றும் வீட்டில் இருப்பதற்காகவும் இறைவனுக்கு நன்றி செலுத்துகிறார்கள்."

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு இளைஞன் சிரித்தான். டொலறஸின் கையில் செபமாலை நின்றுவிட்டது. மிந்தாவின் காது மடல் சுட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. நாலு மாதம் வாய் ஓயாமல் அவள் முறையிட்ட அதே விஷயம்தான். அவன் வீட்டில் இருக்கிறான். ரயிலில் இல்லை, பொலிஸ் நிலையத்தில் இல்லை, அவளுடைய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு கட்டிலில் இல்லை. மாடியில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, உயிரோடு, வீட்டில் இருக்கிறான். அது அவனாகச் சொன்ன ஒரு 'ஏலாது' வாங்கித் தந்த இருப்பு. நன்றி சொல்வதென்றால் அதற்குச் சொல்லாமல் வேறு எதற்குச் சொல்வது? முதல் தடவையாக அந்தச் சொல் அவளுக்கு யாரையும் குத்தும் ஊசியாக இல்லாமல் இருந்தது.

தேத்தண்ணி மண்டபத்தில் ஆட்கள் அவளிடம் வந்தார்கள், றோல்ஸ் நல்லாயிருக்கு என்றார்கள், போனார்கள். வாழ்த்துவதா ஆறுதல் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. டொலறஸ் கேசரித் தட்டோடு நின்று, "என்ர மருமகன் தங்கமான பிள்ளை, வீட்டோட இருக்கிற பிள்ளை," என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. ஆனால் பக்கம் எது என்று தெரிந்திருந்தது.

கடைசியாகக் கிளறிற்றா வந்தாள். பாடகர் குழுவில் பாடுகிறவள், எப்போதும் பளிச்சென்று உடுத்துகிறவள். மிந்தாவின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துப் போனாள்.

"என்ர மகன் யனுஷன் மான்செஸ்ரர்ல படிக்கிறான் எண்டுதானே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். படிக்கேல்லை மிந்தா. வீட்டை விட்டுப் போய் ஒண்டரை வருஷம். எங்க எண்டும் தெரியாது. ஜூன் மாதம் ஒரு மெசேஜ் போட்டவன். 'ஐ ஆம் ஓகே' எண்டு மட்டும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதுக்கு நன்றி சொல்ல ஏலுமோ எண்டு செபமாலைமுத்து அண்ணையிட்டைக் கேக்கப் பயமாயிருக்கு. நீ என்னோட வாறியோ?"

இருவரும் போய்க் கேட்டார்கள். செபமாலைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொப்பியை விரித்து ஒரு ஞாயிறைத் தேடி எழுதினார். காரணம் போதாது என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

வீடு வந்து சேர மூன்று மணி. யாக்கோப்பு காரை நிறுத்த இடம் தேடித் தெருக்கோடிக்குப் போனான். ஜெனோஜா காரிலேயே இருந்துகொண்டாள். மிந்தா மிஞ்சிய றோல்ஸ் பெட்டியோடு குசினிக்குள் வந்தபோது, டிலுக்சன் மேசையடியில் நின்றுகொண்டிருந்தான். கையில் வீட்டுப் பழைய ஐபாட். கோயிலில் வாசித்ததை ஜெனோஜா பதிவு செய்து அனுப்பியிருந்தாள் என்பது அப்போதுதான் மிந்தாவுக்குத் தெரிந்தது.

"எத்தினை பேர் இருந்தவை?" என்றான்.

புருஷன் பின்னால் வந்துவிட்டானோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவளிடம்தான் கேட்கிறான்.

"முன்னூறு பேர் இருக்கும்."

"எல்லாருக்கும் கேட்டதோ?"

"ஓம். மைக் நல்லா வேலை செய்தது."

"ஐயோ, ஓ மை டேஸ்!" அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். காது சிவந்திருந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. மிந்தா பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். எதையும் கேட்கக்கூடாது, எதையும் சொல்லித் தொலைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, சொல்லவில்லை.

அவன் கையை எடுத்தான். "எனக்கு முடி வெட்டவேணும்," என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "லண்டன் றோட்டில கடை ஆறு மணி வரைக்கும். தனியப் போக ஏலாது. நீங்கள் வாறீங்களோ?"

"வாறன்," என்றாள். கைப்பையை எடுக்கவில்லை, சீலையை மாற்றவில்லை, காலில் கிடைத்ததை மாட்டிக்கொண்டாள்.

நாலு மாதத்துக்குப் பிறகு அவன் தன் விருப்பத்தில் வாசல்படி தாண்டினான். வெயில் கண்ணில் அடிக்க ஒரு கணம் நின்றான். ஆறடிக்கு வளர்ந்திருந்தான், அவள் அவனுடைய தோளுக்கும் எட்டமாட்டாள். அவன் சுவரோரமாக நடந்தான், அவள் றோட்டுப் பக்கமாக நடந்தாள். லண்டன் றோட்டில் திரும்பியதும் பஸ் தரிப்பில் மூன்று பெடியங்கள் நின்றார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. டிலுக்சனின் கால் நின்றுவிட்டது. அவர்களா இவர்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை. கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். அது வியர்த்திருந்தது.

மூன்று பேரில் ஒருவன் திரும்பினான். சின்னப் பையன், வாயில் ஐஸ்கிரீம்.

"அவங்கள் இல்லை, அம்மா," என்றான் டிலுக்சன் மெதுவாக.

இருவரும் தரிப்பைத் தாண்டி நடந்தார்கள். முடி வெட்டும் கடை இன்னும் ஆறு கடை தள்ளி இருந்தது. அவன் கையை விடவில்லை.